பழைய லாரிக்கு ஆயில் ஊற்றும் இலக்கணம்: முசிறி வட்டார வழக்குகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. எல்லையும் வரையறையும்

ஆய்வுக்குள் புகுமுன் அதன் எல்லையை வகுத்துக்கொள்வது மரபாதலால், இங்கே முசிறி என்பது யவனக் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய சேரநாட்டுத் துறைமுகத்தைக் குறிக்காது என்பதும், காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு எதிரே, திருச்சிராப்பள்ளியிலிருந்து நாமக்கல் போகும் சாலையில் அமைந்த ஊரையே குறிக்கும் என்பதும் முதற்கண் தெளிவுபடுத்தப்படுகின்றன. முன்னதில் நங்கூரமிட்ட கலங்களுக்கு என்ஜின் இல்லாமையால் ஆயில் பற்றிய கருத்து வேறுபாடு அங்கு எழ வாய்ப்பில்லை. பின்னதிலோ, தொட்டியம் பக்கத்து வாழைத்தாரையும் ஆற்றோரக் கோரையையும் ஏற்றிச் செல்லும் வண்டிகள் உள்ளூரிலேயே இருப்பதாலும், லாரிக்குப் பாடி கட்டும் தொழிலால் நாடறிந்த நாமக்கல் அதே சாலையில் இருப்பதாலும், ஆயில் குறித்துக் கருத்தில்லாத ஆடவரைக் காண்பது அரிது.

'பழைய லாரி' என்னும் தொடருக்கும் வரையறை தேவைப்படுகிறது. மோட்டார் வாகன விதிகள், எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்சி என்னும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும் என்கின்றன. எனினும் அது அரசின் அளவுகோல். பட்டறை வழக்கில் பழைய லாரி என்பது, கம்ப்யூட்டரின் தலையீடின்றி டீசல் பம்ப்பும் நாசிலும் ஸ்பானருக்குக் கட்டுப்பட்டு இயங்கும் வண்டியாகும். அசோக் லேலண்டின் காமெட்டும், 1954-இல் பென்ஸ் கூட்டுறவோடு லாரி செய்யத் தொடங்கியதால் இன்றும் முதியோர் வாயில் 'பென்ஸ் வண்டி' என்றே வழங்கும் டாடாவின் 1210, 1612 முதலியனவும் இவ்வகையின. டாடாவின் 697 என்ஜின் ஆறு சிலிண்டரும் 97 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது எனத் தன் பெயரிலேயே தன் அளவைச் சொல்லிவிடுவது. ஆனால் இரண்டு முறை ரீபோர் கண்ட என்ஜினில் அந்த 97 எவ்வளவு உண்மை என்பது வேறொரு ஆய்வுக்கு உரியது.

2. எண்களின் இலக்கணம்

ஆயில் பக்கெட்டின் மேல் காணப்படும் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 போன்ற குறியீடுகள், 1905-இல் அமெரிக்காவில் தோன்றிய எஸ்ஏஇ என்னும் வாகனப் பொறியாளர் சங்கம் 1911 முதல் வகுத்தும் திருத்தியும் வரும் பாகுபாட்டைச் சேர்ந்தவை. இவற்றுள் 'டபிள்யூ' குளிர்காலத்தைச் சுட்டும். 15டபிள்யூ என்பது, மைனஸ் 20 டிகிரியிலும் என்ஜின் சுழல இடங்கொடுக்கும் அளவுக்கு ஆயில் இளகியிருக்கும் என்பதற்கான உறுதிமொழி. முசிறியில் மார்கழி விடியலில் தலைக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடையில் நிற்போர் நடுங்குவது 20 டிகிரியை ஒட்டிய குளிருக்கே ஆதலால், அவ்வுறுதிமொழி காப்பாற்றப்படுகிறதா என்று இவ்வட்டாரத்தில் எவரும் சோதித்தறிய முடியாது.

பின்னால் வரும் 40 என்பதே என்ஜின் சூடேறியபின் ஆயிலுக்கு இருக்கும் தடிப்பைக் கூறுவது. தடிப்பைச் சென்டிஸ்டோக் என்னும் அலகால் அளப்பர். அறை வெப்பத்தில் தண்ணீரின் தடிப்பு ஏறத்தாழ 1 ஆகும். 100 டிகிரியில் 12.5-க்குக் குறையாமலும் 16.3-ஐ எட்டாமலும் இருப்பதே 40. இதனால் பெறப்படுவது யாதெனில், 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40, பழைய தலைமுறை போற்றிய தனி 40 ஆகிய மூன்றும் துறையூர் தாண்டி லோடு ஏறிய என்ஜினுக்குள் ஒரே இனத்தவையே. வேறுபாடு வண்டி குளிர்ந்து நிற்கும்போதுதான். அடுத்த ஆய்வுப் புள்ளியான 40 டிகிரியில் 15டபிள்யூ-40 சுமார் 110 சென்டிஸ்டோக் என்றால், தனி 40 சுமார் 145 இருக்கும். ஆய்வுக்கூடங்கள் கருவி வைத்துக் காக்கும் இந்த 40 டிகிரியை, அக்னி நட்சத்திரக் காலத்தில் முசிறி பஸ் நிலையம் செலவின்றியே வழங்குகிறது.

3. நால்வகை மதங்கள்

நன்னூலின் பாயிரம் நூலாசிரியர்க்கு எழுவகை மதங்களைக் கூறும். முசிறிச் சாலையோரப் பட்டறைகளில் நான்கே வழங்குகின்றன.

முதலாவது, கட்டி மதம். புது ஆயிலைப் புனல் வழியே ஊற்றுகையில் அருகில் நிற்கும் ஒருவர், "தண்ணியாட்டம் ஓடுது, இது எங்கண்ணே தாங்கும்?" என வினவுவதோடு இம்மதம் தொடங்கும். இதன் சான்று பிரஷர் கேஜ். 20டபிள்யூ-50 ஊற்றியவுடன் சோர்ந்து கிடந்த முள் நிமிர்கிறது, சைலன்சரின் நீலப் புகையும் சில வாரம் அடங்குகிறது. இதற்கு மறுப்பு: தடித்த ஆயில் இடுக்குகளில் எளிதில் புகாமல் முட்டி நிற்பதாலேயே பிரஷர் கூடுகிறது, கேஜ் காட்டுவது அந்த முட்டலை, பேரிங்குக்குக் கிடைத்த ஆயிலை அன்று. தேய்மானத்தில் பெரும் பங்கு, ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் மேலே ராக்கர் வரை ஏறிச் சேரும் முன்பான சில நொடிகளில் நிகழ்வதாதலால், அந்நொடிகளை நீட்டிக்கும் ஆயில் தேய்ந்த என்ஜினுக்குச் செய்யும் உதவி ஐயத்துக்குரியது.

இரண்டாவது, டாப்-அப் மதம். திருச்சி போய் வருவதற்குள் ஒரு லிட்டர் குறைகிறது, ஒரு லிட்டர் ஊற்றப்படுகிறது. இவ்வாறு சில வாரங்களில் சம்ப் முழுவதும் தானே புதிதாகிவிடுவதால் ஆயில் மாற்றுவது வீண்செலவு என்பது இதன் துணிபு. கணக்கு அழகியது. ஆயின் எரிந்து போவது ஆயில் மட்டுமே. கரியும் உலோகத் துகளும் எங்கும் போவதில்லை, ஃபில்டரும் தானாகப் புதிதாவதில்லை.

மூன்றாவது, கறுப்பு மதம். மாற்றிய மறுநாளே ஆயில் கறுத்துவிட்டது, ஆகவே கடைக்காரர் ஏமாற்றினார் என்பது இதன் முறையீடு. டீசல் என்ஜினில் விளையும் கரியைப் படியவிடாமல் தன்னுள் மிதக்க வைப்பதற்கென்றே ஆயிலில் மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. ஆகவே கறுத்தல் அதன் குற்றமன்று, கடமை. பெட்ரோல் பைக்கின் பொன்னிறத்தைப் பழைய லாரியிடம் எதிர்பார்ப்பது முறையாகாது.

நான்காவதும் இதுவரை அறிஞர் கவனம் பெறாததுமான மதம், பக்கெட் மதம். லாரி ஆயில் 15, 20 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட்டுகளில் வருகிறது. காலியானபின் அதுவே ஏரிக்கரையில் கிளீனர் குளிக்கும் வாளியாகவும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொள்ளும் கலமாகவும், வீட்டில் அரிசி காக்கும் பாத்திரமாகவும் பிறவி எடுக்கிறது. சர்வோ, காஸ்ட்ரால், குல்ஃப், மேக் ஆகியவற்றுள் எது சிறந்தது என்ற விவாதத்தில் ஆழ்ந்து நோக்கினால், கைப்பிடிக் கம்பி வளையாத பக்கெட்டின் பக்கமே தீர்ப்பு சாய்வதைக் காணலாம். தரச் சான்று பெற்ற கம்பெனிகளுக்கிடையே ஆயிலின் வேறுபாடு சிறிதாதலால், நால்வகையுள் நடைமுறைக்குத் தீங்கற்ற மதம் இதுவே.

4. எழுத்துகளின் இலக்கணம்

எண்ணைவிட எழுத்தே முக்கியமாயினும் அதைப் படிப்போர் குறைவு. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ, டீசலுக்கான ஆயில்களை 'சி' என்னும் எழுத்தில் தொடங்கித் தரம் பிரிக்கிறது: சிஎஃப்-4 1990-இலும், சிஎச்-4 1998-இலும், சிஐ-4 2002-இலும், சிகே-4 2016-இலும் வந்தன. 2006-இன் சிஜே-4-உம் அதன் பின்வந்ததும், புகைக்குழாயில் நுண்வடிகட்டி பொருத்திய புதிய வண்டிகளை முன்னிட்டுச் சாம்பல் அளவைக் கட்டுப்படுத்தியவை. பழைய லாரியின் புகைக்குழாயில் இருப்பது சைலன்சர் ஒன்றே, அதிலும் ஓட்டை விழுந்திருப்பது இயல்பு. எனவே அக்கட்டுப்பாட்டால் அதற்குத் தனிப்பயன் இல்லை.

இவ்விடத்தில் ஒரு வியப்பைச் சுட்ட வேண்டும். எரிபொருளில் உள்ள கந்தகம் எரிந்து அமிலமாவதால், அதை முறிக்கும் கார இருப்பு ஆயிலுக்குத் தேவை. பழைய லாரிகள் பிறந்த காலத்தில் இந்திய டீசலில் 1 விழுக்காடு வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பிஎஸ்-6 டீசலில் அது பத்து லட்சத்தில் 10 பங்கு, அதாவது முன்பிருந்த அளவில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துள்ளது. இளமையில் கந்தகம் குடித்து வளர்ந்த என்ஜின் முதுமையில் பத்தியம் இருக்கிறது என்க.

5. சோதனை முறைகள்

வட்டார வழக்கில் மூன்று சோதனைகள் உண்டு. விரல் சோதனையில், டிரைவர் கேஜ் கம்பியை உருவி, பழைய பனியன் துணியால் துடைத்து, மீண்டும் செருகி எடுத்து, நுனியில் தொங்கும் துளியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்து, முகர்ந்து, எதுவும் சொல்லாமல் விரலை டயரில் துடைப்பார். இச்சோதனையால் தடிப்பை அறிய இயலாது எனினும், நரநரப்பையும் டீசல் வாசனையையும் அறியலாம். காகிதச் சோதனையில், ஒரு துளியைக் காலண்டர் தாளின் பின்புறம் வைத்தால் கரி சீராகப் பரவுமாயின் ஆயிலில் இன்னும் உயிர் உண்டு. நடுவில் கரும்பொட்டாகக் குவிந்து, சுற்றிலும் வெறும் எண்ணெய் வளையம் நின்றால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. இது பொறியியலாரும் ஏற்ற முறையே.

மூன்றாவதான அளவுச் சோதனையே பெரிதும் தவறாகப் பொருள் கொள்ளப்படுவது. "ஆயில் குறையவே இல்லை" எனப் பூரிக்கும் முதலாளியின் வண்டியில், ஒழுகும் நாசில் வழியே டீசல் சம்ப்பில் இறங்கி, எரிந்த ஆயிலின் இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கக் கூடும். கேஜில் மட்டம் ஏறியே இருப்பின் அது வரவன்று, கடன்.

6. முடிபு

மேற்கூறியவற்றால், முசிறி வட்டாரத்துப் பழைய லாரிக்கு ஏற்றது, கையேடு வேறு சொல்லாதவிடத்து, சீல் உடையாத பக்கெட்டில் வரும் சிஐ-4 தரத்து 15டபிள்யூ-40 என்பதும், அதை ஃபில்டரோடு காலத்தில் மாற்ற வேண்டும் என்பதும் துணியப்படும். இம்முடிபை எட்ட ஒரு நிமிடம் போதும். அவ்வாறிருக்க, தலைமுறைகளாக இவ்விவாதம் ஓயாமைக்குக் காரணம் ஆயிலில் இல்லை.

ரிங் தேய்ந்து, லைனர் பள்ளம் விழுந்து, பிரீதர் வழியே புகை அடிக்கும் வண்டிக்கு வேண்டியது என்ஜின் வேலை என்பதை விவாதிக்கும் அனைவரும் அறிவர். என்ஜின் இறக்கினால் வண்டி நாட்கணக்கில் பட்டறையில் நிற்கும், லைனர்-பிஸ்டன் செட்டோடு பம்ப் வேலையும் சேரும், வாழைத்தார் வேறு வண்டியில் ஏறிவிடும். என்ஜினுக்குள் ஒரு லோடு வாடகையில் மாற்றக்கூடிய பொருள் ஆயில் ஒன்றே. எனவே எந்த ஆயில் என்னும் வினா, ரிங் எப்போது என்னும் வினாவைத் தள்ளிப்போடும் தவணையாகும். கட்டி ஆயிலுக்கு மாறுவோர் ஆயிலை நம்பி மாறுவதில்லை, அடுத்த எஃப்சி வரை வண்டி ஓடிவிடும் என்று நம்பியே மாறுகின்றனர். தவணைக் காலம் முழுதும் நாளொன்றுக்கு ஒரு லிட்டராக எரிந்த ஆயிலின் விலையைக் கூட்டிப் பார்த்தால், அது லைனர் செட்டின் விலையைத் தாண்டியிருப்பது தெரியவரும். அக்கூட்டலை உரிமையாளர் எவரும் செய்வதில்லை. செய்தவர்கள் வண்டியை நாமக்கல்லில் விற்றுவிட்டனர்.