உடைசல் இயல்: கடலை மிட்டாயும் கலோரிக் கணக்கும் பற்றிய கரிசல் வட்டார ஆராய்ச்சி

உடம்பு இளைக்கக் கடலை மிட்டாயை விட்டொழிக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னையெனின், கோவில்பட்டியில் குடியிருந்துகொண்டு அதை விடுவது நடக்கிற காரியமில்லை. 2020-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்ட பண்டம். நாம் விட்டாலும் அது நம்மை விடாது.

விடாமலே இளைக்கலாம் என்பதற்குச் சான்று அமெரிக்காவில் இருக்கிறது. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஹாப், 2010-இல் பெரும்பாலும் கிரீம் கேக்கும் பிஸ்கட்டுமாகத் தின்று, நாளுக்கு 1,800 கலோரியைத் தாண்டாமல், பத்து வாரத்தில் சுமார் 12 கிலோ குறைந்தார். கூடவே கொஞ்சம் காய்கறியும் சத்து மாத்திரையும் எடுத்துக்கொண்டார் என்ற பகுதியை நம்மூர் மாணாக்கர் படிப்பதில்லை.

இனி நம் பண்டம். வறுத்த கடலையும் வெல்லப் பாகும் சரிபாதி என்று கொண்டால் 100 கிராமுக்கு ஏறத்தாழ 470 கலோரி. 25 கிராம் துண்டு ஒன்று 120-ஐ ஒட்டி வரும். மேலே தூவிய சிவப்பு, பச்சை, மஞ்சள் தேங்காய்ப்பூவை ஆய்வாளர் பெருந்தன்மையோடு தள்ளுபடி செய்கிறார். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் சுமார் 15 கிலோமீட்டர். நடுத்தர உடம்புக்காரர் நடந்தே போனால் ஆறு துண்டு கரையும். அங்கேயும் மிட்டாய் விற்கிறார்களே எனின், அதனால்தான் பஸ்ஸில் போகிறோம் என்க.

ஆய்வுக்கு உட்பட்டவர் பருத்தி வியாபாரி. வயது நாற்பதுக்கு மேல். கணக்கெழுதுவது கைவந்த கலை. "காலை இட்லி நாலு, சாயங்காலம் மிட்டாய் ஒண்ணு" என்று நோட்டில் பைசா சுத்தமாக எழுதினார். எடை மட்டும் அசையவில்லை. நோட்டைத் துருவியும் குற்றம் அகப்படாததால் ஆய்வு கடைக்கு இடம்பெயர்ந்தது.

அங்கே கண்டது: சூடான பாகுக் கடலையைப் பலகையில் கொட்டி, உருளையால் தேய்த்து, இறுகுமுன் கத்தியால் கீறுகிறார்கள். ஓரங்கள் நேராக வருவதில்லை. அந்த உடைசல் ஒரு தட்டில் ஒதுங்குகிறது. நம் வியாபாரி விலை பேசியபடியே அந்தத் தட்டில் கை வைக்கிறார். "நோட்டுல எழுதலியா?" என்றதற்கு அவர் சொன்ன விடை இத்துறைக்கே மூல நூற்பா: "அது உடைசல்லா? மிட்டாய்க் கணக்குல எப்படி வரும்?"

1937-இல் குன்னூரிலிருந்து அய்க்ராய்டு வெளியிட்ட இந்திய உணவுச் சத்து நூலைப் பின்பற்றி இன்றுவரை எத்தனையோ பட்டியல்கள் வந்துவிட்டன. நிலக்கடலைக்கும் வெல்லத்துக்கும் அவற்றில் இடமுண்டு; உடைசலுக்கு இல்லை. ருசி பார்த்தது, பிள்ளை மிச்சம் வைத்தது, நின்றுகொண்டே தின்றது ஆகியவையும் இவ்வினமே. ஒரு பிடி உடைசல் 50 கிராம் எனின் இரண்டு துண்டுக்குச் சமம். ஆக, கொழுத்தது மிட்டாயால் அன்று, எழுதாத மிட்டாயால்.

எனவே உடைசலையும் நிறுத்து எழுதுக என்று ஆய்வாளர் விதித்தார். வியாபாரி தட்டைத் தராசுப் பக்கம் நகர்த்தி, "அண்ணாச்சி, இத நிறுத்துச் சொல்லுங்க" என்றார்.

கடைக்காரர் பதறிப்போனார். "சும்மா சாப்பிடுங்க அண்ணாச்சி. நிறுத்தா துட்டுல்லா வாங்கணும்!"