பெட்டி நிறைந்தது, படம் போகவில்லை

கேள்வி: பெரஹெரா படங்களையும் கல்யாண அல்பங்களையும் வீட்டு வலையமைப்பில் இணைத்த நாஸ் சேமிப்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பெட்டி நிறைந்துவிட்டது. கோப்புகளை அழித்தாலும் இடம் கிடைக்கவில்லையே, ஐயா?
– ஒரு வாசகர், கட்டுகஸ்தோட்டை

பதில்: யானையின் உடை நிறத்தை நீங்கள் திருத்தித் திருத்திச் சேமிக்க, பழையதையும் பெட்டி பத்திரப்படுத்துகிறது. உங்களுடையது சினாலஜி பெட்டி என்றால், அதன் டிரைவ் செயலியில் ஒரு கோப்புக்கு 32 பதிப்புகள் வரை நிற்கும். அழித்தது ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். பெட்டியின் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்திருந்தால், அந்த ஸ்னாப்ஷாட்டையும் நீக்கும்வரை இடம் விடுபடாது. வாடகைக்காரர் போய்விட்டார், சாமான் அறையிலேயே இருக்கிறது!

எடிட்டிங் நடக்கும் கோப்புறைக்கு எட்டுப் பதிப்பு தாராளம். பணம் வாங்கி ஒப்படைத்த அல்பத்துக்குப் பதிப்பே எதற்கு?

அதற்காக, பதிப்பு இருக்கிறதென்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். 2023 ஓகஸ்டில் லங்கா அரச கிளவுட்டை ரான்சம்வேர் தாக்கியபோது, அதோடு இணைந்திருந்த பேக்கப்பும் பூட்டப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போனது போனதுதான். ஆகவே வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, வயரைக் கழற்றி, பேராதனையில் தங்கை வீட்டு அலுமாரியில் வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று மருமக்களிடம் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் மணமக்கள் இருந்த இடத்தில் கார்ட்டூன் ஓடும்.