கடல்வழி இன்பச் செலவும் கடவுச்சீட்டுப் பாடபேதங்களும்: ஓர் ஆய்வு

இயல் ஒன்று: முன்னுரை

சிங்கப்பூரில் கப்பலேறிப் பினாங்கும் புக்கெட்டும் பார்த்துத் திரும்பும் இன்பச் செலவு பற்றித் தமிழில் இதுகாறும் எழுதப்பட்டவை பெரும்பாலும் பஃபே பற்றியவை. சைவத்துக்குத் தனி வரிசை உண்டா, ஐஸ்கிரீம் எத்தனை மணி வரை என்ற அளவில் அவை நின்றுவிடுகின்றன. கப்பல் புறப்படும் தேதிக்குள் பாஸ்போர்ட் கைக்கு வருமா என்னும் அடிப்படைச் சிக்கலை ஒருவரும் தொட்டாரில்லை. இக்குறையை நிறைவு செய்வதே இவ்வாய்வின் நோக்கம். நோக்கம் என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்று நெறியாளர் சொல்லிவிட்டார்.

ஆய்வு எல்லை: மேற்கே சாலிகிராமம், வடக்கே அமைந்தகரை, தெற்கே தாம்பரம் ஆகிய மூன்று பாஸ்போர்ட் சேவா கேந்திரங்கள், கிழக்கே அண்ணா சாலை மண்டல அலுவலகம். முதன்மை மூலங்கள்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பான், ரேஷன் கார்டு. துணைமை மூலங்கள்: ஜெராக்ஸ் கடைக்காரர், மாமியார். கருதுகோள்: கப்பல் டிக்கெட் முதலில், பாஸ்போர்ட் பிறகு என்னும் வரிசையைத் தமிழ்க் குடும்பங்கள் எக்காலத்தும் மாற்றியதில்லை.

இயல் இரண்டு: வரலாற்றுப் பின்புலம்

சங்க காலத்தில் தொடங்காத ஆய்வுக்குப் பட்டம் கிடையாது. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் பொதிகளின்மேல் சோழனின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பொதிக்கே முத்திரை என்றால் பொதியோடு போனவனுக்கு இல்லாமலா இருந்திருக்கும்? ஆகவே இமிகிரேஷன் சீல் தமிழனின் கண்டுபிடிப்பு. இந்த ஒரு ‘ஆகவே’யை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கப் பொன்னாடை வாங்கியவர்கள் உண்டு. எனக்கும் ஒன்று வரட்டும்.

கடல்வழிச் செலவுக்குப் பெண்டிரை உடன் அழைத்துப்போகும் வழக்கமில்லை என்கிறது தொல்காப்பியப் பொருளதிகாரம். ஏன் என்பது பற்றி உரைகாரரும் பேராசிரியரும் மலைமலையாக எழுதியாயிற்று. பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் ஏறியிருக்காது என்ற எளிய காரணம் மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. துணைவர் பெயர் சேர்க்கத் திருமணச் சான்றிதழ் வேண்டாம் என்று வெளியுறவு அமைச்சகம் 2016 டிசம்பரில் விதியைத் தளர்த்தியதற்கும், கப்பல்களில் இன்று தம்பதியர் கூட்டம் நெரிவதற்கும் தொடர்பில்லை என்போர் ஆதாரம் காட்டட்டும். ஆதார் காட்டினாலும் போதும்.

இடைக்காலம். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ என்ற கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. அதில் போனவர்கள் பிழைக்கப் போனார்கள். நாம் அதே பினாங்குக்கு அரை நாள் செல்ஃபி எடுக்கப் போகிறோம். இதை விரித்தால் கட்டுரை உண்மையிலேயே ஆய்வாகிவிடும் ஆபத்து இருப்பதால் விட்டுவிடப்படுகிறது.

இயல் மூன்று: குழந்தைகள்

ஐந்தாண்டுக்கு ஒரு பாஸ்போர்ட். இயல் முற்றும்.

இயல் நான்கு: காலக் கோட்பாடு

பாஸ்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியை நம்புவோர் ஒரு வகையினர். சிங்கப்பூர் நம்பாது. உள்ளே நுழையும்போது புத்தகத்துக்கு இன்னும் ஆறு மாத உயிராவது வேண்டும் என்று கேட்கும். ஆக, பத்தாண்டு செல்லும் என்று வாங்கியது ஒன்பதரை ஆண்டிலேயே படுத்துவிடுகிறது. இந்த உண்மை டிராவல் ஏஜென்டுக்கு முன்பணம் கட்டிய பிறகே புலப்படும் என்பது ஜெராக்ஸ் கடைக்காரர் துணிபு (ஜெராக்ஸ் கடை வாய்மொழி மரபு, அமைந்தகரைப் பாடம்).

விசாவிலும் ஒரு நுட்பம் உண்டு. கப்பலேறியதும் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. சுற்றிவிட்டு அதே மரீனா பே துறையில் இறங்குவது மறுபடியும் நுழைவு. ஒருமுறை மட்டுமே நுழையலாம் என்ற விசாவோடு போகிறவர் திரிசங்கு. நடுவில் வரும் மலேசியா, 2023 டிசம்பர் 1 முதல் இந்தியரிடம் விசா கேட்பதில்லை. அதற்குப் பதில் கைபேசியில் ஒரு வருகை அட்டை நிரப்பச் சொல்லும். அதையும் போய்ச்சேர்வதற்கு மூன்று நாளுக்குள்தான் நிரப்ப வேண்டும். முன்கூட்டியே முடித்துவைக்கும் பழக்கமுள்ள நல்லவர்களுக்கு அங்கே இடமில்லை.

அவசரக்காரர்களுக்குத் தட்கல். முப்பத்தாறு பக்கப் புத்தகத்துக்கு வழக்கமான கட்டணம் 1,500 ரூபாய். தட்கலுக்கு அதன்மேல் 2,000. தட்கலில் போலீஸ் விசாரணை பாஸ்போர்ட் கொடுத்த பிறகும் நடக்கலாம். இதன் தத்துவ ஆழம் இன்னும் உணரப்படவில்லை. இந்த ஆள் வெளிநாடு போகத் தக்கவர்தானா என்று கேட்டுக்கொண்டு காவலர் படியேறும்போது, அந்த ஆள் வெளிநாட்டில் இருக்கக்கூடும். எதிர்வீட்டுக்காரர், “நல்ல மனுஷன் சார், நேத்துதான் பொட்டியோட கெளம்பினாரு” என்று சாட்சி சொல்ல, விசாரணை இனிதே நிறைவுறும்.

இயல் ஐந்து: பாடபேதம்

இனி ஆய்வின் உயிர்நிலை. அகமரபு கருதி ஆய்வுக்கு உட்பட்டவரைத் தலைவன் என்றும், அவர் மனைவியைத் தலைவி என்றும், மாமியாரை நற்றாய் என்றும் குறிக்கிறேன்.

தலைவன் பெயர் மீ. திருஞானசம்பந்தமூர்த்தி. தந்தை பெயர் மீனாட்சிசுந்தரம். ஆனால் இது எந்த ஆவணத்திலும் இப்படி இல்லை. ஆதாரில் இனிஷியல் பின்னால். பானில் இனிஷியலே இல்லை. தந்தை பெயர் முழுதாக விரிந்து மகனை ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது. ரேஷன் கார்டில் வெறும் ‘சம்பந்தம்’. வாக்காளர் அட்டையில் ‘திருஞான சம்பந்தி மூர்த்தி’. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் மூர்த்திக்கு இரண்டு ஓ. ஆதாரில் ஒரே ஒரு யூ. “சார், ரெண்டுல ஒண்ணத் தூக்கிடுங்க. இல்லன்னா பி கவுண்டர்ல திருப்பி அனுப்பிருவாங்க” என்கிறது ஓர் உரை (ஜெராக்ஸ் கடை வாய்மொழி மரபு, இரண்டாம் பாடம், மிஷின் சூடாறும் இடைவேளையில் கூறியது, முன்னும் பின்னும் எடுக்க ஐந்து ரூபாய்). “ஒண்ணும் ஆகாது, நான் மூணு பேர்ல மூணு தடவ துபாய் போயிருக்கேன்” என்று இதை மறுப்பார் சித்தப்பா (வாட்ஸ்அப் குரல்பதிவு, பிற்பகுதி, மூன்றாம் குக்கர் விசிலுக்கு மேல், குடும்பக் குழுவில் எல்லாரும் கட்டைவிரல் உயர்த்தியிருப்பினும் மூலத்தை முழுதும் கேட்டவர் இருவரே, மூன்றாமவர் கேட்டதாகச் சொல்வது இடைச்செருகல்).

எது மூலபாடம்? உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராகப் போனார். நாம் டி.சி. தேடிப் பரணில் ஏறினோம். பித்தளை அண்டாவுக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவே, செல்லரித்த நிலையில் அது கிடைத்தது. மதிப்பெண் சான்றிதழ் டி.சி.யைப் பார்த்து எழுதப்பட்டது, டி.சி. சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து. பதிவேடோ, தலைமையாசிரியரின் காதில் விழுந்ததை வைத்து. ஆதிமூலம், பள்ளிக்கூட வராந்தாவில் நின்று தலைவனின் தாத்தா உரக்கச் சொன்ன ஒரு சொல். சொன்ன நேரத்தில் அவர் வாயில் வெற்றிலை இருந்தது என்பது நற்றாய் கூற்று (நற்றாய் கேட்டது தன் சம்பந்தியம்மாளிடம்; சம்பந்தியம்மாள் கேட்டது தன் ஓரகத்தியிடம்; ஓரகத்தி அன்று ஊரிலேயே இல்லை; ஆயினும் மரபு மரபே. இங்கு ‘சம்பந்தி’ என்ற சொல் வருவதற்கும் வாக்காளர் அட்டைப் பாடத்துக்கும் உள்ள உறவு தனி நூலாக வெளிவரும்).

பிறந்த தேதியின் வரலாறும் இதே வராந்தாவில்தான் இருக்கிறது. வலக்கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடக்காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. விரல் எட்டாவிட்டால் தலைமையாசிரியர் பையனின் தலையைக் கொஞ்சம் சாய்ப்பார். பிறகு ஜூன் மாதத்துக்கு ஒத்துவருகிற ஒரு தேதியை எழுதுவார். அந்த ஊரில் ஒரு வகுப்பே சேர்ந்தாற்போல் ஒரே வாரத்தில் பிறந்திருப்பதற்கு விளக்கம் இதுவே. அறிஞர்கள் ஒரு நூலின் காலத்தை முந்நூறு ஆண்டு இப்படியும் அப்படியும் நகர்த்துகிறார்கள். யாரும் கேட்பதில்லை, சில வேளை விருதும் தருகிறார்கள். சொந்தப் பிறந்தநாளை ஒரு நாள் நகர்த்திக்கொண்டு அவர்களில் ஒருவர் பி கவுண்டருக்கு வந்து பார்க்கட்டும்.

கவுண்டர்கள் மூன்று. ஏ கவுண்டரில் போட்டோவும் கைரேகையும். சி கவுண்டரில் ஒப்புதல். நடுவில் உள்ள பி கவுண்டரே அரங்கேற்ற அவை. அங்கு நிகழ்ந்த உரையாடல் வருமாறு:

“இனிஷியல விரிச்சு எழுதணும் சார். அப்பா பேரு சர்நேம்ல போகட்டும்.”

“அது குடும்பப் பேரு இல்ல மேடம். எங்கப்பா பேரு.”

“இருக்கட்டும் சார். காலியா விட்டா வெளிநாட்டுல பிரச்சன பண்ணுவாங்க.”

மேடம் சொன்னதில் பிழையில்லை. ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிக்க முடியாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, தமிழ்நாட்டில் எத்தனையோ அப்பாக்கள் அவசர அவசரமாகத் தேடப்பட்டார்கள். தலைவனும் கையெழுத்திட்டான். மதிப்பெண் சான்றிதழ்ப் பாடமே மூலபாடமாக ஏற்கப்பட்டது. இரண்டு ஓவும் பிழைத்தன.

பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில் வந்தது. தபால்காரர் ஆதாரைப் பார்க்காமல் உறையைத் தர மறுத்தார். விசாவும் வாங்கியாக வேண்டும், விமானமோ அடுத்த வாரம் என்பதால் வீட்டில் யாரும் உறையை ஒழுங்காகப் பிரிக்கவில்லை, கிழித்தார்கள். படப் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரிகளை அந்த அவசரத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. இவ்வாய்வாளர் மட்டும் பார்த்தார்.

அந்த வரிகள் மனிதருக்கானவை அல்ல, கருவிக்கானவை. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் ஆவணமே அவற்றுக்கு இலக்கணம். வரிக்கு 44 இடம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முதல் வரியில் ஐந்து இடம் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போய்விடும். பெயருக்கு மிஞ்சுவது 39. சர்நேம் முதலில் வர வேண்டும் என்பது விதி. மீனாட்சிசுந்தரத்துக்கு ஆங்கிலத்தில் 17 எழுத்து. அடுத்து இரண்டு அம்புக்குறி. மீதி 20. தலைவனின் பெயருக்கோ, பிழைத்துவந்த இரண்டு ஓவும் சேர்த்து, 25 எழுத்து வேண்டும். தந்தை அமர்ந்த பிறகு கிடைத்த இடத்தில் மகன் ஒடுங்கியாக வேண்டும். கருவி இருபதாவது எழுத்தில் கத்தரித்தது. முதல் ஓ உள்ளே, இரண்டாவது ஓ வெளியே. விளைந்த பாடம்:

திருஞானசம்பந்தமோ.

ஆதாரின் யூவை ஏற்றிருந்தால் ‘சம்பந்தமு’ என்று ஏதோ முடிவுறாச் சொல்லாக நின்று தொலைத்திருக்கும். ஓ வந்ததால் இலக்கணம் வந்துவிட்டது. ஓகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் ஆறு பொருள் சொல்வார், நன்னூலார் எட்டாக்குவார். இங்கு வந்தது எது? எதிர்மறை எனின், இவர் திருஞானசம்பந்தர் அல்லர் என்று இந்திய அரசே அறிவித்ததாகும். பிரிநிலை எனின், தந்தையிடமிருந்து பிரிப்பதாகும். ஆனால் பிரிந்தது மூர்த்திதான். ஒழியிசை எனின், ஒழிந்த ஐந்தெழுத்தை அது குறிக்கும் என்பது என் துணிபு. இவ்விளக்கத்தை என் நெறியாளர் தம் பெயரில் ஒரு கருத்தரங்கில் ஏற்கெனவே படித்துவிட்டார் என்பதால் இதன் சிறப்பு பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை. நன்னூலார் கூடுதலாகச் சேர்த்த இரண்டில் ஒன்று கழிவு, கழிந்ததற்கு இரங்குவது. 3,500 ரூபாய் கட்டியவர்க்கு இப்பொருள் பொருந்தும்.

டிராவல் ஏஜென்ட் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்ய, அதே பாடம் கப்பல் டிக்கெட்டுக்கும் பரவியது. இப்பாடத்தை முதன்முதலில் வாய்விட்டு வாசித்தவர் மரீனா பே துறையின் செக்-இன் கவுண்டரில் இருந்த ஒரு சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண். டிக்கெட்டைப் பார்த்தார். தலைவனைப் பார்த்தார். மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார்.

“சம்பந்தமோ... இது நீங்கதானா அங்கிள்?”

ஆக, வினாப்பொருள். நூற்றாண்டுகளாக உரைகாரர் அடித்துக்கொள்ளும் விஷயத்தை அந்தப் பெண் ஒரு நொடியில் தீர்த்துவைத்தார். தலைவன் வாயைத் திறப்பதற்குள் தலைவி முன்னால் வந்து, “அவரேதாம்மா” என்றாள்.

இந்த ஏகாரம் தேற்றம். பிரிநிலை ஏகாரம் என்பாரும் உளர். அவர்கள் தலைவியை நேரில் பார்க்காதவர்கள்.