சும்மா செய்யறேன்கிறவனை நம்பாதே

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. மஞ்ச டி-சர்ட்டு ஜோராத்தான் கீது. முதுகுல இன்னா எழுத்து? தன்னார்வலரா? அடேங்கப்பா! முதுகுல எழுதினா நாங்க எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள நீ பஸ் ஏறிடுவியேடா.

சனிக்கிழமை மாமல்லபுரத்துல கடற்கரையைச் சுத்தம் பண்ணீங்களாமே, கேள்விப்பட்டேன். ஏசி பஸ்ஸு, ஆளுக்கொரு கையுறை, ஆளுக்கு ரெண்டு தண்ணி பாட்டிலு, பிஸ்கட்டு. பொறுக்கின குப்பை ரெண்டு மூட்டை, அதுல ஒரு மூட்டை நீங்களே கொண்டுவந்ததுன்னு சொல்றாங்க. கோச்சுக்காதே. 2019 அக்டோபர்ல சீன அதிபர் வந்திருந்தப்போ நம்ம பிரதமரே காலங்காத்தால அந்த மணல்ல குப்பை பொறுக்கினாரு, உலகமே பார்த்துது. மறுநாள் காலையில பேரூராட்சி துப்புரவு அம்மா வழக்கம்போலப் பொறுக்கினாங்க. அதைப் பார்க்க ஒரு காக்கா கூட வரலை.

செய்யாதேன்னு சொல்லல. உன்னை யாராவது ‘ஏன்டா செய்யறே’ன்னு கேட்டா, ‘எனக்கு ஒண்ணும் வேணாம், சும்மா சேவை’ன்னு சொல்றே பாரு, அங்கதான் எனக்கு சந்தேகம். சும்மா செய்யறவன் ஒரு தரம் வருவான். எனக்கும் இதுல ஒரு லாபம் கீதுன்னு ஒத்துக்கறவன்தான் அடுத்த வருஷமும் வருவான்.

வேடந்தாங்கலை எடுத்துக்கோ. அங்க தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டாங்க. போர்டு வெச்சதுக்காக இல்லை, போர்டு வர்றதுக்கு முன்னாலேர்ந்தே அப்படித்தான். வெள்ளைக்கார சிப்பாய்ங்க ஏரியில பறவைய சுட்டப்போ ஊர்க்காரங்க நேரா செங்கல்பட்டுக் கலெக்டர் லியோனல் பிளேஸ் துரைகிட்ட போயி நின்னாங்க. 1798-ல யாரும் சுடக்கூடாதுன்னு கவுல் பத்திரம் எழுதி வாங்கிட்டு வந்துட்டாங்க. பறவை மேல அம்புட்டு பாசமான்னு கேக்கறியா? பாசமும்தான். ஆனா ஏரியில நிக்கற மரத்துல நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் ஆயிரக்கணக்குல உக்கார்ந்து போடற எச்சம் தண்ணியில கலக்குது. அந்தத் தண்ணி மதகு வழியா கழனிக்குப் பாயுது. காசில்லாத உரம்டா! பறவைக்குக் காவல், கழனிக்கு எரு. இருநூறு வருஷத்துக்கு மேல ஓடுது. இதுக்குத் தலைவரும் கிடையாது, செயலாளரும் கிடையாது, டி-சர்ட்டும் கிடையாது.

அதே துரைக்கு மதுராந்தகத்துலயும் ஒரு கதை உண்டு. மழைக்கு மழை ஏரிக்கரை உடைச்சுக்கிட்டே இருந்துதாம். கோயில்காரங்க தாயாருக்கு சன்னதி கட்டக் காசு கேட்டாங்க. ‘உங்க சாமி கரையக் காப்பாத்தட்டும், அப்பால பார்க்கலாம்’னுட்டாரு துரை. அன்னிக்கு ராத்திரி கொட்டற மழையில கரையப் பார்க்கப் போனா, வில்லும் கையுமா ரெண்டு பேர் காவல் நிக்கறாங்களாம், ராமரும் தம்பியும். கரை நின்னுது, சன்னதியும் வந்துது. ஏரி காத்த ராமர்னு பேரும் வந்துது. கவனிச்சியா? ராமரே ராத்தூக்கம் முழிச்சு வீட்டம்மாவுக்கு ஒரு இடம் வாங்கிக் குடுத்துட்டாரு! துரையும் லேசுப்பட்ட ஆள் இல்லை, தர்மம் தன்னுதுன்னு கோயில் கல்லுல பேரைப் பொறிச்சு வெச்சுட்டாரு. அந்தக் காலத்து டி-சர்ட்டு அது.

ஏரி மராமத்தும் இப்படித்தான். வரத்துக்கால்ல தூர் எடுக்க, கரையில பள்ளம் அடைக்க, வீட்டுக்கொரு ஆள் மம்புட்டியோட வரணும். தன் கழனிக்குத் தண்ணி வேணுமே, வந்தான். கோயில் மானியம் போச்சு, ஏரி சர்க்கார் கைக்குப் போச்சு, அப்பால அவன் ஏன் வர்றான்? 1858-ல சட்டமே போட்டுப் பார்த்தாங்க, வராதவனுக்கு அபராதம்னு. அபராதத்துக்குப் பயந்து வந்தவன் வெட்டின பள்ளம் எம்மாம் ஆழம் இருந்திருக்கும்னு நீயே கணக்குப் போட்டுக்கோ.

ராத்திரி முழிக்கறது எப்படின்னு தெரியணும்னா ஆமைக்காரங்களைப் பாரு. தை பொறந்தா பங்குனி ஆமை முட்டை போட கரையேறும். 1988-லேர்ந்து சென்னைப் பக்கம் மாணவப் பசங்க நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவுல ராத்திரியில நடக்கறாங்க. நம்ம பக்கத்துல மீனவப் பசங்களே நடக்கறாங்க. டார்ச்சைச் சும்மா சும்மா அடிக்கக் கூடாது, வெளிச்சத்தைப் பார்த்தா ஆமை திரும்பிப் போயிடும். தடத்தைப் பார்த்து, மணலைக் குச்சியால மெள்ளக் குத்தி, இளகின எடத்துல கைய விட்டுத் தோண்டணும். உள்ளே குழி சொம்பு மாதிரி இருக்கும். நூறு முட்டைக்கு மேல. புரட்டாம எடுத்து, வேலி போட்ட எடத்துல அதே ஆழத்துல புதைச்சு, ஒன்றரை மாசத்துக்கு மேல காத்துக் கெடக்கணும். அம்புட்டும் பண்ணி குஞ்சைக் கடல்ல விட்டா அது திரும்பிக் கூடப் பார்க்காது. 2025 ஜனவரியில செத்த ஆமைங்க நூத்துக்கணக்குல கரை ஒதுங்கிச்சே, அதையும் அதே பசங்கதான் எண்ணிப் புதைச்சாங்க. மறுநாள் ராத்திரி திரும்பவும் நடந்தாங்க.

இவங்களுக்கு இன்னா லாபம்னு ஒரு பையன்கிட்ட கேட்டேன். சிரிச்சான். ‘ராத்திரி ரெண்டு மணிக்கு கடற்கரை மொத்தமும் எனக்கே சொந்தம் தாத்தா’ன்னான். அப்படிப் போடு! அந்த மாணவர் கூட்டத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் கார்த்திக் சங்கர், இப்ப பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல பேராசிரியரா கீறாராம், ஆமையைப் பத்தியே புஸ்தகம் போட்டாராம். ராத்தூக்கம் கெட்டாலும் பொழப்பு கெடலை பாரு.

லாபத்தை ஒத்துக்காதவன் பண்றது வேற மாதிரி. சுனாமி வந்தப்போ கடற்கரை ஊருக்கெல்லாம் லாரி லாரியா பழந்துணி வந்து எறங்கிச்சு. வலையும் படகும் போய் நிக்கறவனுக்குக் கிழிஞ்ச சட்டை! ரோட்டோரம் குவிஞ்சு மழையில நனைஞ்சு அழுகினதுதான் மிச்சம். அனுப்பினவன் வீட்டு பீரோ காலியாச்சு, அது அவன் லாபம். அதைச் சொல்லாம தர்மம்னுட்டான். 2015 வெள்ளத்துல மீனவங்க படகை லாரியில ஏத்திக்கினு முடிச்சூர் வரைக்கும் வந்தாங்களே, அவங்க யாரையும் பீரோவைத் தொறக்கச் சொல்லல. தனக்கு எது கைவந்த வேலையோ அதைக் கொண்டாந்தாங்க.

உனக்கு எது கைவருது? கம்ப்யூட்டர். அப்ப மணல்ல ஏன்டா குனிஞ்சு இடுப்பை ஒடிச்சுக்கறே? இந்தத் தெருவுல முதியோர் பென்சன் மனு போடத் தெரியாத கெழவிங்க எத்தினி பேர் கீறாங்க தெரியுமா? ஓடிபி வந்தா யாருகிட்ட சொல்லணும், யாருகிட்ட சொல்லக் கூடாதுன்னு தெரியாம போனை முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்காங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை இந்தத் திண்ணையில வந்து உக்காரு. பஸ்ஸு வராது, பிஸ்கட்டு வராது, படம் எடுக்கவும் ஒண்ணும் இருக்காது. கெழவிங்க வையும். ‘போன மாசமே வரும்னியே’ன்னு உன்னையே கேக்கும். அதுக்கு அப்பாலயும் நீ வந்தா, நல்ல மோர்க்களி கெடைக்கும். அதுவே உன் லாபம்னு வெச்சுக்கோ.

இன்னா முழிக்கறே? இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம். எங்க அப்பா பேர்ல கெடக்கற கழனிக்குப் பட்டா மாத்தணும், மொத மனு என்னுது. இரு, டிரங்குப் பெட்டியில காகிதம் கீது, எடுத்துட்டு வர்றேன். சிரிக்காதேடா, எனக்கு லாபம் வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்?