ரெட் பின் நாவலாசிரியர்

குன்றத்தூரிலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஒருவர் செல்போனில் எதையோ தட்டுவதும் உடனே அழிப்பதுமாக இருந்தால், காதல் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நாவல் எழுதுகிறார்.

உத்தியோகம் குவாலிட்டி பிரிவில். பத்து மைக்ரான் பிசகினாலும் பீஸ் ரெட் பின்னுக்குப் போய்விடும். வாக்கியங்களுக்கும் அதே கதிதான். ‘மழை பெய்தது’ என்று தொடங்குவார். யார் வீட்டு மழை? அழி. ‘மழை கொட்டியது.’ அளந்து பார்த்தாயா? அழி. ஒரகடம் வருவதற்குள் வானம் வெளுத்துவிடும்.

நவம்பர் வந்தால் இந்த நோய் முற்றும். 1999-ல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவர் 21 பேரோடு ஒரு பந்தயம் ஆரம்பித்தார். ஒரே மாதத்தில் 50,000 சொல்லில் நாவல், நாளுக்கு 1,667. நானோரைமோ என்று பெயரெடுத்து, நவம்பர்தோறும் நடப்பதாக உலகம் முழுக்கப் பரவிய விஷயம். நன்றாக எழுதவேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. நம்மவருக்கு அந்த இடம் மட்டும் காதில் விழவில்லை.

எக்செல் ஷீட் தயார் செய்தார். தேதி, டார்கெட், முடித்தது, குறைந்ததற்குக் காரணம். மூன்றாவது கட்டத்தில் வரிசையாகப் பூஜ்யம். நான்காவதில்தான் எழுத்து பொங்கியது. செம்பரம்பாக்கம் உபரி நீர் திறந்தது, மாமியார் வந்து இறங்கியது, நைட் ஷிப்டில் லைன் நின்றது, மனைவி பேசாமல் தட்டை வைத்தது... படித்துவிட்டு, “இதையே அனுப்பிடலாமே சார்” என்றேன். “இது ரிப்போர்ட் சார்” என்று மூடிவிட்டார்.

ஊர் ராசியும் ஒரு காரணம். குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். பெரியபுராணத்துக்குத் தில்லையில் இறைவனே முதல் சொல் எடுத்துக்கொடுத்ததாகச் சொல்வார்கள். மிச்சமிருந்த நாலாயிரத்துச் சொச்சம் பாட்டையும் அந்த மனிதர் உட்கார்ந்து எழுதினார் என்பதை யார் நினைக்கிறார்கள்? இவர் தன் பங்குச் சொல்லைக் கேட்டு முருகன் மலையேறினார். அன்று பார்த்துக் கந்த சஷ்டி. முருகன் பிஸி.

ஜெயமோகனைச் சொல்லிப் பார்த்தேன். 2014 தொடங்கி 2020 வரை நாளொரு அத்தியாயம், ‘வெண்முரசு’ 26 நாவல். “அவரு வேற லெவல் சார்.” சரி, கல்கி? ‘பொன்னியின் செல்வன்’ 1950-லிருந்து வாராவாரம் வந்த தொடர்கதைதானே? “பிரஸ்காரன் வாசல்ல நின்னா நானும்தான் எழுதுவேன்.”

அந்த வேலையை அவர் வீட்டம்மாள் ஏற்றுக்கொண்டார். “என்னங்க, இன்னிக்கு எத்தனை பக்கம்?”

“ஹோல்டுல இருக்கு.”

“பீஸே போடாம எதைங்க ஹோல்டு பண்ணுவீங்க?”

பத்து வருஷ சர்வீஸில் எந்த ஆடிட்டரும் கேட்காத கேள்வி. அன்று சாம்பாரில் உப்பு இரண்டு கல் கூடுதல் என்று தட்டு ரெட் பின்னுக்குப் போனது.

2025 மார்ச் கடைசியில் அந்த நானோரைமோ அமைப்பையே மூடப்போவதாக அறிவித்தார்கள். மனிதர் உடைந்துபோவாரே என்று பக்குவமாகத்தான் சேதியைச் சொன்னேன். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

“எனக்கு அப்பவே தெரியும் சார். குவான்டிட்டியத்தான் பார்த்தாங்க, குவாலிட்டியப் பார்க்கலை. கடைசியில இப்படித்தான் ஆகும்... இல்ல, இப்படித்தான் முடியும்... இருங்க சார், சரியாச் சொல்றேன்.”