‘ஆராய்க’ சேர்

மட்டக்களப்பு வாவியின் எந்தக் கரையில், எந்த ரியூட்டரிக்குள் எட்டிப் பார்த்தாலும் இந்தச் சேரைக் காணலாம். வெபர் மைதானத்தில் கடைசி ஓவருக்கு எல்லாரும் எழுந்து நிற்க, இதில் எத்தனை வினா எடுக்கலாம் என்று குந்தியிருந்து கணக்குப் பார்ப்பவர் அவர்தான். எந்த ஊர் விளையாட்டுக் கதையைக் கொடுத்தாலும் அவரிடமிருந்து வருவது ஒரே வினா: ‘விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும் என்பதை இக்கதை எவ்வாறு உணர்த்துகிறது? ஆராய்க.’ ஆராய அதில் என்ன மிச்சம் இருக்கிறது? விடையைத் தானே உள்ளே வைத்துவிட்டு, தேடி எடுத்துவா என்று பிள்ளையை அனுப்புகிறார். ‘வளர்க்கவில்லை’ என்று எழுதத் துணிந்த பிள்ளைக்குப் பத்துக்கு இரண்டு, அதுவும் கையெழுத்துக்கு.

இத்தனைக்கும் இந்தப் பக்கத்தில் வினாவுக்குப் பஞ்சமே இல்லை. கொம்புமுறியை எடுங்கள். கண்ணகி அம்மனைக் குளிர்விக்கும் விளையாட்டு அது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஒன்று முறியும்வரை இழுக்கும். வென்றவர்கள் தோற்றவர்களை வசைபாடுவதும் சடங்கோடு சேர்ந்ததுதான். ‘தெய்வத்தின் கோபம் தணிய மனிதர் ஏன் ஏச்சு வாங்கவேண்டும்?’ என்று கேட்டுப் பாருங்கள். இருக்கிற பகையை ஒரு நாள் கூத்தாக்கிக் கரைக்கிறார்கள் என்பார் சிலர். இல்லாத பகையை வலிந்து உண்டாக்குகிறார்கள் என்பார் வேறு சிலர். இரு தரப்பும் ஆதாரத்துக்கு அந்த ஆட்டத்திடமே போயாகவேண்டும். சேர் கேட்பதோ ‘கொம்புமுறியின் முக்கியத்துவத்தை விளக்குக.’ வெபர் அடிகளார் என்றால் ‘சேவைகளை விவரிக்க.’ அமெரிக்காவிலிருந்து வந்த அந்த இயேசுசபைத் துறவியின் பெயரை ஒரு மைதானம் சுமக்கிறது. வெளியே இருந்து வந்த ஒருவர் வளர்த்த ஆட்டம் எப்போது ஊரின் சொந்த ஆட்டமாகிறது என்பதல்லவா வினா? அதே சபையைச் சேர்ந்த, கூடைப்பந்து பயிற்றுவித்த யூஜின் ஹெபேர் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், சாரதியோடு காணாமற்போனார். சேரின் ‘ஒற்றுமை’ வினா அந்தத் திகதியின் பக்கமே தலைவைத்துப் படுக்காது.

சேர் தரப்பிலும் நியாயம் உண்டு. கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துகிறவருக்குப் புள்ளித்திட்டம் வேண்டும். ஆளுக்கொரு விடை எழுதினால் எதற்குப் புள்ளி போடுவது? முடிவுக்குப் போடவேண்டாம், காரணத்துக்குப் போடுங்கள். கதையிலிருந்து சான்று வந்திருக்கிறதா, மறுதரப்புக்குப் பதில் இருக்கிறதா என்று பார்க்க, திருத்துகிறவரும் அதே முடிவுக்கு வந்திருக்கத் தேவையில்லை. பரீட்சைத் தாளே அப்படித்தான் வருகிறது என்பது அடுத்த சமாதானம். பாதி உண்மை, வருகிற தாளுக்குப் பழக்கத்தான் வேண்டும், அதற்காக வருடம் முழுக்கவா? அவர் சோம்பேறியும் அல்ல. தனக்கே விடை தெரியாத வினாவை வகுப்பில் வைக்கப் பயம், அவ்வளவுதான். பின்னேரம் கல்லடிப் பாலத்தில் அவரைப் பிடித்து, ‘அந்த எல்.பி.டபிள்யூ. அவுட்டா, இல்லையா?’ என்று கேளுங்கள். பந்து எங்கே குத்தியது, கால் எங்கே இருந்தது, நடுவர் எந்த ஊரில் பெண் எடுத்தவர் என்று சான்றுக்குமேல் சான்றாக அடுக்குவார். எதிர்வாதத்தை அவரே எடுத்துவந்து அவரே அடித்து நொறுக்குவார். ஆராய்ச்சி அவருக்குத் தெரியாத வித்தை அல்ல. ஆகவே சேர், அடுத்த தவணைத் தாளில் ஒரேயொரு வினாவையாவது பாலத்தில் நின்று எழுதுங்கள்.