உலகைப் பிடிப்பவருக்குச் சீட்டு பிடிபடுமா?

கேள்வி: ‘ரிஸ்க்’ பலகை ஆட்டத்தில் உலகத்தையே வளைத்துப் போடுகிறவர் போக்கரிலும் ஜெயிப்பாரா?

பதில்: பாதிக் கிணறு தாண்டுவார். பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ஆல்பர் லாமொரிஸ் உருவாக்கி, 1957-இல் வெளிவந்த ரிஸ்க்கில் மொத்தம் 42 பகுதிகள். தாக்குபவர் மூன்று பகடையும் காப்பவர் இரண்டும் உருட்டினால், தாக்குபவர் எதிரியின் இரண்டு படைகளையும் வீழ்த்தும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம். தன் இரண்டையும் இழக்கும் வாய்ப்பு 29 சதவீதம். அடிப்பதே லாபம் என்கிறது பகடை. ஆனால் அடித்து மெலிந்தவரை மூன்றாமவர் விழுங்கிவிடுவார். அதனால்தான் விவரமானவர்கள், 12 பகுதிகளைப் பிடித்தால் 7 படை தரும் ஆசியாவை விட்டுவிட்டு, 2 படை மட்டுமே தந்தாலும் ஒரே வாசல் உள்ள ஆஸ்திரேலியாவில் ஒதுங்குகிறார்கள். மோசமான சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கும் போக்கர்காரரின் பொறுமையும் இதுதான்.

‘போக்கரில் சீட்டு மறைவு; ரிஸ்க்கில் படைகள் பலகையிலேயே அம்பலமாயிற்றே?’ என்பீர்கள். படை அம்பலம்தான், எண்ணம் அல்லவே! வட ஆப்பிரிக்காவில் குவிந்த படை பிரேசிலுக்கா, ஐரோப்பாவுக்கா என்று இரு பக்கமும் தூக்கம் கெடும். ‘எல்லாம் அதிர்ஷ்டம்’ என்பதும் சரியல்ல. நிறைய உருட்டினால் அதிர்ஷ்டம் சமன்பட்டு, கணக்கே மிஞ்சும். சீட்டுக்கும் அதே விதி. நிஜ வித்தியாசம் கூட்டணியில் இருக்கிறது. போக்கரில் இருவர் ரகசியமாகக் கைகோத்தால் மோசடி. ரிஸ்க்கில் அதற்குப் பெயர் ராஜதந்திரம். போக்கரில் இல்லாத சீட்டை இருப்பதுபோல் காட்டி ஏமாற்றினால் கெட்டிக்காரர். ரிஸ்க்கில் கூட்டாளியைக் கவிழ்த்தால் உலகம் கிடைக்கும், அடுத்த ஆட்டத்துக்கு ஆள் கிடைக்காது.